கேளுங்க... ஸ்கோப் சொல்லும்!

அன்னூரைச் சுற்றி நூற்பாலை, விசைத்தறி, போர்வெல் மோட்டார், கோழிப்பண்ணை என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். உட்கார்ந்திருக்கிறது. சுவரில் வருகிற 230 வோல்ட்டை வாங்கி, நொடிக்கு ஐம்பதாயிரம், லட்சம் தடவை வெட்டி, 5, 12, 24 வோல்ட்டாக மாற்றித் தருவது அதன் வேலை. வேலைநிறுத்தம் செய்தால் ரிப்பேர் மேசைக்கு வந்துவிடும். ஆசிலோஸ்கோப்பில் தெரியும் அதன் அலைகளைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

கே: சி.சி.டி.வி. ரெக்கார்டர் பகல்ல ஒழுங்கா ஓடுதுங்க. பொழுது சாஞ்சா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. சப்ளைல மீட்டர் வெச்சா 12.1 காட்டுது. காத்து கருப்பு ஏதாவதுங்களா?
(கேமரா மெக்கானிக், அன்னூர்)

ப: கருப்புக்கு மட்டும் சம்பந்தம் உண்டு. இருட்டியதும் கேமராக்களில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் ஒரே சப்ளை என்றால் அந்த நேரத்தில் லோடு கூடும். நீங்கள் மீட்டர் வைத்தது பகலில். இரவில் வைத்தாலும் அது சராசரியைத்தான் சொல்லும். நொடிக்கு நூறு தடவை வோல்டேஜ் 9-க்கு இறங்கி ஏறினாலும் மீட்டர் 11 சொச்சம் என்று சமாதானம் சொல்லும்.

ஸ்கோப்பை 12 வோல்ட் அவுட்புட்டில் மாட்டி, ராத்திரி பாருங்கள். முதலில் ஒரு கட்டத்துக்கு 5 மில்லி நொடி. ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் ஒரு பள்ளம் விழுந்தால் குற்றவாளி முன்பக்கத்துப் பெரிய கண்டென்சர், அதாவது பிரிட்ஜுக்கு அடுத்த 400 வோல்ட் கண்டென்சர். 60 வாட் சப்ளையில் 100 மைக்ரோஃபாரட் காய்ந்து 20 ஆகிவிட்டால், அதன் மேல் உள்ள வோல்டேஜ் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுமார் 80 வோல்ட் இறங்கும். கன்ட்ரோல் ஐ.சி. எவ்வளவுதான் இழுத்துப் பிடிக்கும்?

அந்தப் பள்ளம் இல்லையென்றால் ஒரு கட்டத்துக்கு 5 மைக்ரோ நொடிக்கு மாற்றுங்கள். ரம்பப் பல் மாதிரி செங்குத்தாக ஏறி இறங்கினால் அவுட்புட் பக்கத்துக் கண்டென்சருக்கு உள்மின்தடை ஏறிவிட்டது. ஒரே அலையை இரண்டு வேகத்தில் பார்த்தால் இரண்டு வேறு ஆசாமிகள் பிடிபடுகிறார்கள். ஸ்கோப்புக்குக் கொடுத்த காசு இங்கேதான் திரும்பி வருகிறது.

கே: ஸ்கோப் இல்லாம எஸ்.எம்.பி.எஸ். ரிப்பேர் பண்ண முடியாதா?
(டி.வி. மெக்கானிக், புளியம்பட்டி)

ப: தாராளமாக முடியும். ஏழெட்டுப் பாகங்களை மாற்றினால் ஏதோ ஒன்றில் சரியாகிவிடும். எதில் சரியானது என்று தெரியாததால் அடுத்த போர்டுக்கும் அதே ஏழெட்டு.

கே: ஸ்கோப்போட எர்த் கிளிப்பை பிரிட்ஜ் நெகட்டிவ்ல மாட்டினேன். 'டப்'புனு வெடிச்சு கிளிப்பே உருகிருச்சு. நெகட்டிவ்னா கிரவுண்டு தானுங்களே?
(டிப்ளமோ முடித்தவர், கரியாம்பாளையம்)

ப: உயிரோடு கேள்வி எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல சேதி.

அந்த கிளிப் சும்மா தொங்குகிற ஒயர் இல்லை. ஸ்கோப்பின் உடம்பு வழியாக, மூன்று பின் பிளக்கின் எர்த் வழியாக நேரே பூமிக்குப் போகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலும் பூமியில்தான் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் பிரிட்ஜ் நெகட்டிவ், நியூட்ரல் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் அது ஒரு டையோடு வழியாக ஃபேஸோடு சேர்ந்துகொள்ளும். அப்போது பூமியைவிட 325 வோல்ட் வரை கீழே போகும். அங்கே கிளிப்பைக் கடித்தால் எர்த்தையும் ஃபேஸையும் நடுவில் ஒரே ஒரு டையோடு வைத்து ஷார்ட் செய்கிறீர்கள். டையோடு போகும், ஃபியூஸ் போகும், கிளிப் போகும், சில சமயம் ஸ்கோப்பும் போகும்.

வழி இரண்டு. ஒன்று, ரிப்பேர் ஆகும் போர்டுக்கு மட்டும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்கோப் எர்த்தோடேயே இருக்கட்டும். இரண்டு, டிஃபரென்ஷியல் புரோப். மூன்றாவதாக ஒரு குறுக்குவழி நம் ஊரில் புழக்கத்தில் இருக்கிறது: ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோகப் பாகங்கள் மொத்தமும் பிரிட்ஜ் நெகட்டிவ் ஆகிவிடும். பட்டனைத் திருகப் போகிற விரல் உங்களுடையது.

இன்னொன்று: இரண்டு சேனல்களின் எர்த் கிளிப்பும் ஸ்கோப்புக்குள் ஒன்றுதான். ஒன்றை முன்பக்க நெகட்டிவிலும் மற்றதை அவுட்புட் நெகட்டிவிலும் மாட்டினால், டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்ததை நீங்கள் சேர்த்து வைக்கிறீர்கள்.

கே: என்கிட்ட நல்ல ஸ்டெபிலைசர் இருக்குதுங்க. ஐசொலேஷனுக்கு அது போதாதா?
(ஃபிரிட்ஜ் மெக்கானிக், காரமடை)

ப: போதாது. ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே வருகிற நியூட்ரலும் வெளியே போகிற நியூட்ரலும் ஒரே ஒயர். மேசையில் வைத்துத் திருகுகிறோமே, அந்த வேரியாக்கும் அதே ஜாதி. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும், பிரித்து வைக்காது. தனித்தனியாகச் சுற்றிய இரண்டு காயில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஐசொலேஷன் போட்ட பிறகும் இரண்டு கையையும் போர்டில் வைக்காதீர்கள். அங்கே இ.எல்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது.

கே: ஃப்ளைபேக் சப்ளையில் மாஸ்ஃபெட் டிரெயின் அலையைப் படம் போடச் சொன்னால் எல்லோரும் சதுரம் போடுகிறோம். நிஜத்தில் எப்படி இருக்கும்?
(பொறியியல் மாணவி, சரவணம்பட்டி)

ப: சதுரம் பரீட்சைத்தாளில் இருக்கும். ஸ்கோப்பில் ஒரு முழு நாடகம் இருக்கும்.

65 கிலோஹெர்ட்ஸில் ஓடும் சப்ளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 15.4 மைக்ரோ நொடி. முதல் காட்சியில் மாஸ்ஃபெட் ஆன். டிரெயின் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் படுத்திருக்கும். அந்த நேரத்தில் சாப்பர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. இரண்டாம் காட்சியில் மாஸ்ஃபெட் ஆஃப். டிரெயின் செங்குத்தாக எகிறும், உச்சியில் ஊசி போல ஒரு ஸ்பைக். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றில் (பிரைமரி) உள்ள காந்தப்புலத்தில் கொஞ்சம் இரண்டாம் சுற்றோடு (செகண்டரி) சேராமல் கசிகிறது. போக இடம் இல்லாத அந்த ஆற்றல்தான் ஸ்பைக்.

மூன்றாம் காட்சி ஒரு மேட்டுநிலம். உயரம் 325-ஓடு இன்னொரு 100 வோல்ட் சுமார். அந்த 100, அவுட்புட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக் கணக்கில் பெருகி முன்பக்கம் எட்டிப் பார்ப்பது. மேடு இருக்கும் வரை அவுட்புட் டையோடு வழியாகக் கரண்டு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆற்றல் தீர்ந்ததும் நான்காம் காட்சி: 325-ஐ நடுவாக வைத்து அலை மேலும் கீழும் ஆடி ஆடி அடங்கும். அடங்குவதற்குள் மாஸ்ஃபெட் மறுபடியும் ஆன்.

இதில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாகம் பொறுப்பு. எந்தக் காட்சி கெட்டிருக்கிறதோ அந்தப் பாகத்தைப் பாருங்கள்.

கே: அந்த நான்காம் காட்சியில் அலை ஆடுவதைப் பார்த்துட்டு, கண்டென்சர் கெட்டுப்போச்சுன்னு எங்க சீனியர் சொல்றார்.
(பயிற்சி மெக்கானிக், சிறுமுகை)

ப: சீனியரை மதியுங்கள், கண்டென்சரை விட்டுவிடுங்கள். அந்த ஆட்டம் டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் மாஸ்ஃபெட்டில் இயல்பாகவே உள்ள கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து போடுவது. லோடு குறைவாக இருக்கும்போது வரத்தான் செய்யும், கெடுதல் இல்லை. புதிய ஐ.சி.க்கள் சில, அந்த ஆட்டத்தில் அலை பள்ளத்துக்கு வரும் நேரமாகப் பார்த்து மாஸ்ஃபெட்டை ஆன் செய்கின்றன. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஆன் செய்தால் சூடு குறையும் என்பது கணக்கு.

கே: தறி கன்ட்ரோல் போர்டுல மாஸ்ஃபெட் மாத்தி மாத்திக் கை ஓஞ்சு போச்சுங்க. ஒரு வாரம் ஓடும், ஒரு ராத்திரியில போயிரும்.
(விசைத்தறி உரிமையாளர், சோமனூர்)

ப: 'ஒரு ராத்திரியில' என்ற சொல்லில் பாதி விடை இருக்கிறது. கூட்டிப் பார்ப்போம். பகலில் 230 வந்தால் உச்சி 325. மேட்டுநிலம் 100. ஸ்பைக் 100. மொத்தம் 525. மாஸ்ஃபெட் 600 வோல்ட் தாங்கும் என்றால் பிழைத்துக்கொள்ளும். நள்ளிரவில் பக்கத்துத் தறிகள் நின்று லைன் 265 ஆகிறது என்று வையுங்கள். உச்சி 375. மொத்தம் 575. மயிரிழை.

இந்த நிலையில் ஸ்னபர் கெட்டுப்போனால்? சாப்பரின் முதல் சுற்றுக்குக் குறுக்கே ஒரு டையோடு, ஒரு கண்டென்சர், ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்பைக்கை வாங்கிச் சூடாகக் கரைப்பது அவற்றின் வேலை. ரெசிஸ்டர்தான் பெரும்பாலும் முதலில் கருகும். அது ஓபன் ஆனால் ஸ்பைக் கேட்பாரற்று 600-ஐத் தாண்டும். நீங்கள் மாஸ்ஃபெட் மாற்றுகிறீர்கள், ரெசிஸ்டர் அப்படியே கிடக்கிறது.

அடுத்த மாஸ்ஃபெட் போடும் முன் அந்த ரெசிஸ்டரை ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள். பிறகு சீரீஸ் பல்ப் போட்டு ஆன் செய்து, மாஸ்ஃபெட்டுக்குக் குறுக்கே 100 மடங்கு புரோப் வைத்து ஸ்பைக்கின் உச்சியை எண்ணுங்கள். பல்ப் போட்ட நிலையில் வோல்டேஜ் குறைவாகவே காட்டும். பல்ப் மங்கி நிலைத்தால் அதை எடுத்துவிட்டு முழு வோல்டேஜில் எண்ணுவதுதான் கணக்கில் சேரும்.

கே: அரசியல் மேடைப் பேச்சை ஸ்கோப்பில் போட்டால்?
(வாசகர், அவிநாசி)

ப: உச்சி பிரமாதமாக இருக்கும். சராசரி எடுத்தால் பூஜ்யம். டிரிகர் மட்டும் தேர்தல் தேதியில்.

கே: சப்ளை 'டிக்... டிக்...'னு அடிச்சுட்டே இருக்கு, அவுட்புட் வரமாட்டேங்குது. ஐ.சி. யு.சி. 3842. எங்க ஆரம்பிக்கறது?
(யு.பி.எஸ். சர்வீஸ்காரர், மேட்டுப்பாளையம்)

ப: ஏழாம் காலில். அதுதான் ஐ.சி.க்குச் சாப்பாடு போகிற வழி. ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் வழியாக அங்குள்ள சின்னக் கண்டென்சர் மெதுவாக ஏறும். 16 வோல்ட் ஆனதும் ஐ.சி. கண் விழிக்கும். விழித்தபின் சாப்பரில் உள்ள தனிச் சுற்று சாப்பாடு போட வேண்டும். போடவில்லையென்றால் 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஐ.சி. மறுபடி படுத்துவிடும். திரும்ப 16, திரும்ப 10. ஸ்கோப்பில் மெதுவாக ஏறி வேகமாக விழும் சரிவுகள் வரிசையாகத் தெரியும். உங்கள் 'டிக்' ஒவ்வொன்றும் ஒரு சரிவு.

இப்போது இரண்டாவது சேனலை மூன்றாம் காலில், அதாவது கரண்டு பார்க்கும் காலில் வையுங்கள். ஐ.சி. விழித்திருக்கும் அந்தச் சில நொடித்துளிகளில் ஒவ்வொரு பல்ஸும் தொடங்கிய உடனே 1 வோல்ட்டைத் தொட்டு வெட்டுப்பட்டால், பின்பக்கம் ஷார்ட். அவுட்புட் டையோடைக் கழற்றி அளந்து பாருங்கள். அப்படி வெட்டுப்படாமல் நிதானமாகப் பல்ஸ் வந்தும் தூங்கினால், ஏழாம் காலின் கண்டென்சர் காய்ந்திருக்கும், அல்லது தனிச் சுற்றின் டையோடு போயிருக்கும். முதலில் கண்டென்சர். பக்கத்தில் சூடான ரெசிஸ்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கே: லோடு இல்லாதபோது பல்ஸ் கூட்டமாக வருகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி கூட்டமாக வருகிறது. ஐ.சி. மாற்றியும் அப்படியே.
(எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், கோவில்பாளையம்)

ப: மாற்றிய ஐ.சி.யும் நல்ல ஐ.சி. என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது கரண்டு மிச்சம் பிடிக்க இப்படி விட்டுவிட்டு அடிப்பது அதன் பழக்கம். ஒரு ரெசிஸ்டரையோ பல்பையோ லோடாகப் போடுங்கள். பல்ஸ் சீராகிவிட்டால் அந்தப் பழைய ஐ.சி.யைக் குப்பையிலிருந்து எடுத்து வையுங்கள்.

கே: சார்ஜர் மெல்லிசா கீச்சுங்குது. பயப்படணுமா?
(இல்லத்தரசி, பசூர்)

ப: மேலே சொன்ன 'விட்டுவிட்டு அடித்தல்' நொடிக்குச் சில ஆயிரம் தடவை நடந்தால் நம் காதுக்குக் கேட்கும். சாப்பரின் ஃபெரைட்டும் சில செராமிக் கண்டென்சரும் அதற்குத் தக்கபடி அதிரும். சத்தம் மட்டும் என்றால் பயம் இல்லை. சூடும் கருகல் வாசமும் சேர்ந்தால் தூக்கிப் போடுங்கள். சார்ஜர் விலையைவிட மெத்தை விலை அதிகம்.

கே: புது கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்., 12 வோல்ட்டில் 400 மில்லிவோல்ட் ரிப்பிள். திருப்பிக் கொடுத்துடலாமா?
(கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர், அன்னூர்)

ப: கடைக்குப் போகும் முன் எர்த் கிளிப்பைக் கொஞ்சம் பாருங்கள். அந்த நீள ஒயர் ஒரு வளையம் போடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் வளையம் என்றால் அது ஆன்டெனா. புரோப் முனையையும் கிளிப்பையும் ஒரே இடத்தில், நெகட்டிவிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே பூஜ்யம் வர வேண்டும். 300 மில்லிவோல்ட் வந்தால் அது உங்கள் ஒயர் பிடித்த சத்தம்.

முறை இது: புரோப் தொப்பியைக் கழற்றி, கூடவே வந்த சின்ன ஸ்பிரிங்கை முனைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சேனலில் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் ஆன் செய்யுங்கள். ஏ.சி. கப்ளிங். அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் குறுக்கே போடுங்கள். கம்ப்யூட்டர் சப்ளைக்கான ஏ.டி.எக்ஸ். விதி, 12 வோல்ட்டில் உச்சிக்கும் அடிக்கும் 120 மில்லிவோல்ட் வரை, 5-லும் 3.3-லும் 50 வரை அனுமதிக்கிறது. இப்படி அளந்த பிறகும் தாண்டினால் கடைக்காரரிடம் தைரியமாகச் சண்டை போடலாம்.

கே: டிஜிட்டல் ஸ்கோப்பில் 65 கிலோஹெர்ட்ஸ் அலை, 2.5 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டியது. ஸ்கோப் பொய் சொல்லுமா?
(பொறியியல் மாணவர், கோவை)

ப: பொய் சொல்லாது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். ஒரு கட்டத்துக்கு 20 மில்லி நொடி வைத்திருப்பீர்கள். பத்துக் கட்டம், 200 மில்லி நொடி. உங்கள் ஸ்கோப்புக்கு நினைவகம் 2,500 புள்ளி என்றால், நொடிக்கு 12,500 புள்ளிதான் எடுக்க முடியும். நொடிக்கு 65,000 தடவை ஆடுகிற அலையை 12,500 தடவை எட்டிப் பார்த்தால், அந்த 12,500-ஐ ஐந்து தடவை கழித்து மிச்சம் 2,500 என்று தெரியும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'நொடிக்கு நூறு கோடி புள்ளி' எல்லாம் வேகமான டைம் பேஸில் மட்டும்.

முதலில் வேகமான பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாக்கிக்கொண்டே வாருங்கள். மெதுவாகவே பார்க்க வேண்டியிருந்தால் பீக் டிடெக்ட் போடுங்கள்.

கே: என்ன ஸ்கோப் வாங்கலாம்? ஆன்லைன்ல கைக்கடக்கமா டி.எஸ்.ஓ. 138 கிட் மலிவா வருதே?
(ஐ.டி.ஐ. மாணவர், கருமத்தம்பட்டி)

ப: அது நொடிக்குப் பத்து லட்சம் புள்ளி எடுக்கும், 200 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும், 50 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சால்டரிங் பழக நல்ல கிட். ஆடியோ பார்க்கலாம். மாஸ்ஃபெட் டிரெயினுக்குக் கொண்டுபோனால் அதற்கே மாலை போட வேண்டியிருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். வேலைக்கு இரண்டு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ் போதும். அது 7 நானோ நொடி ஏற்றம் வரை காட்டும். காசு மிச்சம் இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் வாங்காதீர்கள், டிஃபரென்ஷியல் புரோப் வாங்குங்கள். பழைய குழாய் ஸ்கோப் நல்ல நிலையில் கிடைத்தாலும் விடாதீர்கள். 1897-ல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் செய்த குழாயின் வாரிசு அது. நினைவகம் கிடையாது என்பதால், முன் கேள்வியில் வந்த 2.5 கிலோஹெர்ட்ஸ் குழப்பமும் அதில் கிடையாது.

கே: புரோப்பில் 1, 10 என்று ஒரு சுவிட்ச். எங்கே வைப்பது?
(பெயர் வேண்டாமாம், பொகலூர்)

ப: பத்தில் வைத்து மறந்துவிடுங்கள். ஒன்றில் வைத்தால் புரோப்பின் வேகம் சில மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், சுற்றுக்கும் பாரம். பத்தில் வைத்ததும் ஸ்கோப்பின் முன்பக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வருகிற கொக்கியில் மாட்டிப் பாருங்கள். மூலை கூர்மையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். மழுங்கியோ துருத்தியோ இருந்தால் புரோப்பில் உள்ள சின்னத் திருகை பிளாஸ்டிக் திருப்புளியால் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் ஸ்பைக்கை அளந்தால், வருவது உங்கள் புரோப்பின் ஸ்பைக். ஸ்கோப் மெனுவிலும் பத்து என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் 325 வோல்ட் 32.5 என்று சாதுவாகத் தெரியும், கை வைக்கத் தோன்றும்.

கே: நான் மோட்டார் ரீவைண்டிங் பண்றவன். சாப்பரையும் நானே பிரிச்சு அதே சுற்று, அதே கம்பியில சுத்தினேன். மாஸ்ஃபெட் கொதிக்குதுங்க.
(ரீவைண்டிங் கடைக்காரர், அன்னூர்)

ப: சுற்றில் தப்பு இருக்காது. கோயம்புத்தூர்க்காரர் கைக்குச் சுற்று தப்புமா? இடைவெளியைப் பாருங்கள். ஃப்ளைபேக் சாப்பரில் இரண்டு ஃபெரைட் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். நடுக்காலைத் தேய்த்து வைத்திருப்பார்கள், அல்லது ஒரு துண்டுத் தாள் சொருகியிருப்பார்கள். மோட்டாரில் இடைவெளி குறைந்தால் சந்தோஷம். இங்கே ஆற்றல் தங்குவதே அந்த இடைவெளியில்தான். தாளைக் குப்பை என்று எடுத்துப் போட்டிருந்தால், ஃபெரைட் சீக்கிரமே காந்தம் நிரம்பித் திணறும்.

மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் உள்ள ஒரு ஓமுக்குக் குறைவான ரெசிஸ்டர் மேல் புரோப் வையுங்கள். போர்டு ஐசொலேஷனில் இருக்கட்டும். கரண்டு நேர்கோடாக ஏற வேண்டும். நுனியில் திடீரென்று மேலே வளைந்தால் ஃபெரைட் நிரம்பிவிட்டது. தொடக்கத்தில் வருகிற குட்டி ஊசியை விட்டுவிடுங்கள், அது எப்போதும் வரும்.

கே: ஒரு நாள் காத்தடிச்சப்ப எங்க லைன்ல வீடு வீடா சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாம் போச்சு. சிலரோட வீட்டுல மட்டும் விளக்கு மங்கி எரிஞ்சுது. ஏனுங்க?
(விவசாயி, வடக்கலூர்)

ப: நியூட்ரல் அறுந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போனால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் சீரீஸில் மாட்டிக்கொள்ளும். 400 வோல்ட்டை அவை பங்கு போடும். லோடு குறைந்த வீட்டுக்கு அதிகப் பங்கு. 350 வந்தால் உச்சி 495. உள்ளே இருப்பது 400 வோல்ட் கண்டென்சர். தலை உப்பி வெடிக்கும்.

நல்ல சப்ளையில் ஃபியூஸுக்கு அடுத்து நீல நிறத்தில் வட்டமாக ஒன்று இருக்கும், 14டி471 என்ற மாதிரி எழுத்தோடு. வோல்டேஜ் எல்லை மீறினால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸைப் போக வைக்கும். மலிவு சார்ஜர்களில் அந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். ரிப்பேருக்கு வந்த போர்டில் அது கருகியிருந்தால், எடுத்துவிட்டு ஓட வைக்காதீர்கள். புதிது போடுங்கள். இந்த விஷயத்தில் ஸ்கோப்புக்கு வேலை இல்லை. லைன்மேனுக்குத்தான் வேலை.

கே: இன்வெர்ட்டர்ல ஃபேன் உர்ருங்குது, செல்போன் சார்ஜர் மட்டும் கம்முனு இருக்கு. எப்படி?
(பள்ளி ஆசிரியை, குன்னத்தூர்)

ப: உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டர். ஸ்கோப்பில் படிக்கட்டு போலத் தெரியும். ஃபேன் மோட்டார் அந்த ஒவ்வொரு படிக்கும் அதிர்கிறது. சார்ஜரோ வந்ததும் வராததுமாக அலையை பிரிட்ஜில் போட்டு நேர் மின்சாரமாக்கிவிடுகிறது. அதன்பிறகு வந்தது வளைவா படியா என்று அதற்குக் கவலை இல்லை.

கே: பழைய டியூப் லைட்டை எடுத்துட்டு எல்.இ.டி. போட்டோம். மொத்தக் கரண்டு குறைஞ்சுது, ஆனா நியூட்ரல் ஒயர் சுடுது. கணக்கு இடிக்குதே?
(நூற்பாலை எலக்ட்ரீஷியன், அன்னூர்)

ப: கணக்கு சரி, அலை வேறு. ஸ்கோப்பில் கரண்டு கிளாம்ப் போட்டு ஒரு ஃபேஸைப் பாருங்கள். வோல்டேஜ் வளைவாக இருக்கும், கரண்டு மட்டும் ஒவ்வொரு உச்சியிலும் ஒரு கூர்ப்பல்லாக எட்டிப் பார்க்கும். முன்பக்கக் கண்டென்சர், வோல்டேஜ் உச்சிக்கு வரும்போது மட்டும் ஒரு வாய் குடிக்கிறது. இந்தப் பல்லில் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது 150 ஹெர்ட்ஸ், ஏராளம். மூன்று ஃபேஸின் 50 ஹெர்ட்ஸ் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 150 ஹெர்ட்ஸ் அடித்துக்கொள்ளாது, மூன்றும் கூடும். நியூட்ரலை ஃபேஸ் ஒயரைவிட மெல்லிசாகப் போட்ட பழைய ஒயரிங் என்றால் ஆபத்து. அடுத்த முறை பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள டிரைவரைக் கேட்டு வாங்குங்கள். அவசரமாக நியூட்ரல் அளவைப் பாருங்கள்.

கே: அத்திக்கடவு தண்ணி குட்டைக்கு வந்த தெம்புல சோலார் மோட்டார் போட்டேன். கன்ட்ரோலர் ரிப்பேர். மெக்கானிக் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொண்டாந்தாரு. சரிதானுங்களா?
(விவசாயி, கஞ்சப்பள்ளி)

ப: அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிய திட்டம். 1,045 குளம், குட்டைகளுக்கு பவானித் தண்ணீர். ஆறு நீரேற்று நிலையங்களில் ஒன்று நம் அன்னூரில். தெம்பு வராமல் இருக்குமா!

மெக்கானிக்கின் கவனம் நல்லது, கருவி தப்பு. பேனலிலிருந்து வருவது நேர் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது புரியாது. வரிசையாகப் பன்னிரண்டு பேனல் இருந்தால் 500 வோல்ட்டைத் தாண்டலாம், வெயில் இருக்கும் வரை ஆஃப் பட்டன் என்று ஒன்று அதற்குக் கிடையாது. முதலில் பேனல் பக்கத்து ஐசொலேட்டரை இறக்கச் சொல்லுங்கள். ஓட வைத்து அளக்க வேண்டுமானால் டிஃபரென்ஷியல் புரோப் ஒன்றுதான் வழி. உள்ளே கன்ட்ரோல் போர்டுக்குச் சாப்பாடு போடும் சின்ன எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இருக்கும். அதன் 15 வோல்ட், 5 வோல்ட் வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பவர் மாட்யூலுக்கு விலை கேட்பது அதற்கப்புறம்.

கே: எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கண்டுபிடித்தது ஆப்பிள் கம்பெனியாமே?
(வாசகி, கோவை)

ப: அதற்கு முன்பே இருந்தது. 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் எஸ்.எம்.பி.எஸ். வடிவமைத்தார், அதனால் பெட்டி சின்னதாகவும் ஃபேன் இல்லாமலும் இருந்தது. அதுவரை நிஜம். 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் கனம். அடிக்கிற வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினால் அதே வேலைக்குத் தீப்பெட்டி போதும். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கியபோது கோவை ஆலைகளைச் சுழல வைத்ததும் 50 ஹெர்ட்ஸ்தான். லைன் மாறவில்லை, வாங்கிக்கொள்கிற பெட்டி மாறிவிட்டது.

கே: இதையெல்லாம் கத்துக்கிட்டா வேலை கிடைக்குமா?
(டிப்ளமோ மாணவி, மூக்கனூர்)

ப: கிடைக்கும். ஜி.சி.டி. 1945, பி.எஸ்.ஜி. டெக் 1951, சி.ஐ.டி. 1956 என்று வரிசையாகக் கல்லூரி கண்ட ஊர் இது. சர்க்யூட்டை வரைகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, ஓடுகிற போர்டில் புரோப் வைத்து 'இதுதான் கேடு' என்று சொல்கிறவர்களைத்தான் தேடுகிறார்கள். லேபில் பூட்டிக் கிடக்கும் ஸ்கோப்பைத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல போர்டின் அலையைப் பார்த்துப் பழகினால்தான் கெட்டதைக் கண் பிடிக்கும்.

கே: பிளக்கை உருவிட்டுத்தான் தொட்டேன். அப்பவும் அடிச்சுது!
(செல்போன் மெக்கானிக், காட்டம்பட்டி)

ப: பிளக்கை உருவினீர்கள், கண்டென்சரை உருவவில்லை. ஃபியூஸுக்கு அப்பால் ஏதாவது ஓபன் ஆன போர்டில் 325 வோல்ட் நிமிடக் கணக்கில் அப்படியே நிற்கும். திருப்புளியால் ஷார்ட் செய்யாதீர்கள், தடமே பெயர்ந்துவிடும். சில ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் ஒயரில் வைத்துப் பத்து நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபிறகு கை வையுங்கள்.

வாசகர்களுக்கு: ஸ்கோப் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அலையை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம். ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், எத்தனை நொடி, புரோப் எத்தனை மடங்கு, கிளிப் எங்கே மாட்டியது, லோடு எவ்வளவு என்ற ஐந்தும் வேண்டும். அவை இல்லாமல் வருகிற அலைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.